பதினாறு அடி உயரக் கூடத்தில் ஓர் இடைத்தளம்: ஸ்வீட் ஹோம் 3டி-யில் தளமும் கிராதியும் வரைந்த அனுபவம்

பொள்ளாச்சிக்கு அருகே இருக்கும் என் அக்கா வீட்டின் கூடம், ஒரு காலத்தில் தேங்காய் குவித்து வைப்பதற்காகக் கட்டப்பட்ட கிடங்காக இருந்தது. பிற்பாடு நடுச்சுவரில் வாசல் வெட்டி அதை வீட்டோடு சேர்த்துக்கொண்டார்கள். உயரம் மட்டும் பழையபடியே நின்றுவிட்டது. தரையிலிருந்து கான்கிரீட் கூரையின் அடிப்பாகம் வரை 16 அடி, அதாவது 488 செ.மீ. உட்புற நீளம் 610 செ.மீ., அகலம் 427 செ.மீ. அவ்வளவு உயரத்தில் காற்றுதான் நிறைந்திருக்கிறது என்பதால், பின்சுவரை ஒட்டி 9 அடி ஆழத்திற்கு ஓர் இடைத்தளம் போட்டு, மேலே படிப்பதற்கும் எழுதுவதற்கும் இடம் அமைக்கலாம் என்று அக்கா முடிவு செய்தார். வெல்டரிடம் பேசுவதற்கு முன்பு கணினியில் ஒருமுறை கட்டிப் பார்த்துவிட வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டேன். அந்த வேலை மூன்று வாரம் மாலை நேரங்களை எடுத்துக்கொண்டது. அதில் செய்ததையும் தவறியதையும் அளவுகளோடு இங்கே பதிந்து வைக்கிறேன்.

முதலில் சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. வீட்டில் எல்லோரும் அதை 'லாஃப்ட்' என்றே சொன்னார்கள். அத்தையோ 'மச்சு' என்றார். ஆனால் நம் ஊரில் லாஃப்ட் என்றால் சமையலறையில் பாத்திரமும் அட்டைப்பெட்டியும் ஏற்றி வைக்கும் பரண்தான் நினைவுக்கு வரும். இந்தியத் தேசியக் கட்டட விதித்தொகுப்பும் இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது: லாஃப்ட் என்பது பொருள் வைக்க மட்டும், அதன் உயரம் அதிகபட்சம் 1.5 மீட்டர், மனிதர் புழங்கும் மெஸனைன் தளத்திற்கு, அதாவது இடைத்தளத்திற்கு, குறைந்தது 2.2 மீட்டர் உயரம் வேண்டும், அது வசிக்கும் அறையாகப் பயன்படுமானால் பரப்பு 9.5 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது. எங்களுடையது 427-க்கு 274 செ.மீ., ஏறத்தாழ 11.7 சதுர மீட்டர். ஆகவே நாங்கள் வரையப் போவது பரண் அன்று, மனிதர் எழுந்து நடக்கும் தளம். இந்த வேறுபாட்டைத் தொடக்கத்திலேயே பிடித்துக்கொண்டதால்தான் கிராதியின், அதாவது விளிம்பில் நிற்கும் கம்பித் தடுப்பின், உயரத்திலும் கம்பி இடைவெளியிலும் பின்னர் எந்தச் சமரசமும் செய்யாமல் இருக்க முடிந்தது.

உயரக் கணக்கைக் காகிதத்திலேயே முடித்தேன். அமைப்புப் பொறியாளர் 150 மி.மீ. ஐ-பீம்களை (I எழுத்து வடிவ இரும்பு உத்திரங்களை) பரிந்துரைத்தார்; அதன்மேல் 2 செ.மீ. சிமென்ட் பலகை, 1 செ.மீ. தரை ஓடு, ஆக மொத்தத் தடிமன் 18 செ.மீ. கீழே 230 செ.மீ. விட்டால் மேல்தளத்தின் தரை 248-இல் அமையும். அங்கிருந்து கூரை வரை 240 கிடைக்கும். இரண்டு பக்கமும் 2.2 மீட்டரைத் தாண்டுகிறது. 230, 18, 248, 240 என்ற நான்கு எண்களையும் ஒரு தாளில் எழுதி மேசைக்கு எதிரே ஒட்டி வைத்தேன். பிறகு மென்பொருளில் எது இடம் மாறினாலும் இந்த நான்கில் ஒன்றை மீறியிருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்த்தேன்.

நான் பயன்படுத்தியது ஸ்வீட் ஹோம் 3டி. பிரான்சைச் சேர்ந்த எமானுவல் புய்பாரே ஜாவா மொழியில் எழுதி, குனு பொது உரிமத்தின்கீழ் இலவசமாக வழங்கிவரும் மென்பொருள் இது. ஒருபுறம் மேலிருந்து பார்க்கும் வரைபடம், அதன்கீழ் அதே வீட்டின் முப்பரிமாணக் காட்சி என்று இரண்டும் ஒரே திரையில் இருப்பதால், ஒரு கோட்டை நகர்த்தினால் சுவர் நகர்வதை உடனே பார்க்கலாம். வீட்டு வரைபடம் போட்டுப் பழகாதவருக்கும் ஒரே நாளில் கை பழகிவிடும். ஒவ்வொரு தளத்துக்கும் உரிய அடுக்கை மென்பொருள் 'லெவல்' என்று அழைக்கிறது; அதை இங்கே மட்டம் என்று குறிப்பிடுகிறேன்.

கூடத்தை அளக்கும்போது நான்கு பக்கங்களோடு இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்தோம். சரியான செவ்வகமாக இருந்தால் இரண்டும் 745 செ.மீ.-க்கு ஒட்டி வர வேண்டும். ஒன்று 745, மற்றது 741. பழைய கட்டடத்தில் இது வியப்பன்று. ஆனால் பீம்களைப் பட்டறையில் வெட்டிக்கொண்டு வரும்போது இந்த நான்கு செ.மீ. தலைவலியாகும் என்பதால், மூலைகளை மூலைவிட்ட அளவுகளை வைத்தே குறித்தேன்.

சுவர் வரைவதில் முதல் தவறு நேர்ந்தது. ஸ்வீட் ஹோம் 3டி சுவரின் நீளத்தை அதன் நடுக்கோட்டில் கணக்கிடுகிறது. நான் டேப்பில் அளந்தது உட்புற அளவு. 610 என்று தட்டியதும் சுவர் அழகாக வந்து நின்றது. அறையின் உட்பக்கத்தை அளவுக்கோட்டால் சோதித்தபோது 584 மட்டுமே இருந்தது. 9 அங்குலச் செங்கல் சுவரும் இருபுறப் பூச்சும் சேர்ந்து எங்கள் சுவரின் தடிமன் 26 செ.மீ.; ஒவ்வொரு முனையிலும் பாதித் தடிமன் உள்ளே போய்விட்டது. எனவே நடுக்கோட்டு நீளம் 636, அகலம் 453 என்று மாற்றினேன். இதைக் கவனிக்காமல் மேலே தொடர்ந்திருந்தால், பின்னால் படிக்கட்டுக்குச் செய்த கணக்கு முழுவதும் பொய்யாகியிருக்கும்.

அடுத்தது மட்டங்கள். தரை மட்டத்தில் 488 செ.மீ. உயரச் சுவர்கள் நின்றன. அறை வரைந்ததும் கூரையும் சரியாக அந்த உயரத்தில் மூடியது. இடைத்தளத்திற்காக இரண்டாவது மட்டத்தைச் சேர்த்தேன். மாடி வீட்டுக்குச் செய்வதுபோல, கீழிருந்த சுவர்களைப் பிரதியெடுத்து மேல் மட்டத்தில் ஒட்டியும் விட்டேன். முப்பரிமாணக் காட்சியைத் திருப்பியபோது சுவரின் மேற்பாதி வரிவரியாக மினுக்கத் தொடங்கியது. கீழ்ச் சுவர் 488 வரை ஏற்கெனவே ஏறியிருக்கும்போது, அதே இடத்தில் இன்னொரு சுவரை நிறுத்தினால் எந்தப் பரப்பு முன்னால் வர வேண்டும் என்று கணினியால் தீர்மானிக்க முடிவதில்லை. இரட்டை உயரக் கூடத்திற்கு மேல் மட்டத்தில் சுவரே தேவையில்லை. தரையும் கிராதியும் மட்டும் அங்கே இருந்தால் போதும். பிரதிகளை நீக்கியதும் மினுக்கம் நின்றது.

ஆனால் அதைவிடப் பெரிய குழப்பம் கூரையில் இருந்தது. இரண்டாவது மட்டம் சேர்ந்த அதே நொடியில், 488-இல் இருந்த கூரை சரிந்து 250-க்கு வந்து, கூடத்தின் குறுக்கே ஒரு பலகைபோல முழுவதையும் மூடிக்கொண்டது. இடைத்தளத்தின் தரை எது, கூடத்தின் கூரை எது என்று பிரித்தறியவே நெடுநேரம் ஆயிற்று. மேலே வேறு மட்டம் இருக்குமானால், கீழ் அறையின் கூரை அந்த மட்டத்திற்குக் கொடுத்த உயரத்தில் நின்றுவிடுகிறது. உச்சி மட்டத்தில் இருக்கும் அறையின் கூரைதான் சுவர்களின் தலைப்பைத் தொடர்கிறது. இது புரிந்த பிறகு வழி திறந்தது. தரை மட்டத்தின் உயரத்தை 230 ஆக்கினேன். மேல் மட்டத்தின் ஏற்றத்தை (தரையிலிருந்து அது தொடங்கும் உயரத்தை) 248, தளத் தடிமனை 18, உயரத்தை 240 ஆக்கினேன். கூடத்தை ஒரே அறையாக வைக்காமல், இடைத்தளத்தின் கீழ் வரும் 274 செ.மீ. பகுதியை ஓர் அறையாகவும், திறந்திருக்கும் 336 செ.மீ. பகுதியை இன்னோர் அறையாகவும் பிரித்து வரைந்தேன். முதல் அறைக்குக் கூரை உண்டு; இரண்டாவதற்குக் கூரையைக் காட்டும் குறியை எடுத்துவிட்டேன். மேல் மட்டத்திலும் இரண்டு அறைகள்: இடைத்தளத்தின் மேல் தரையும் கூரையும் உள்ள ஓர் அறை, வெற்றிடத்தின் மேல், தரையை மறைத்து, கூரையை மட்டும் காட்டும் ஓர் அறை. தரையில்லாத அறை என்பது கேட்பதற்கு விசித்திரமாக இருந்தாலும், திறந்த கூடத்தை இந்த மென்பொருளில் அமைக்க இதைவிட எளிய முறையை நான் காணவில்லை.

கிராதியை முதலில் குட்டைச் சுவராகவே வரைந்தேன். மேல் மட்டத்தின் விளிம்பில் 5 செ.மீ. தடிமனும் 105 செ.மீ. உயரமும் உள்ள ஒரு சுவர். இடத்தை மனத்தில் பிடிப்பதற்கு அது போதும் என்று நினைத்தேன். போட்டதும் மேற்கூரை அந்த விளிம்பை நோக்கித் தொய்ந்து, கூடாரத் துணிபோல 105 செ.மீ. உயரத்திற்கு இறங்கிவிட்டது. காரணம் முன்பு சொன்னதுதான்: உச்சி மட்டத்தின் கூரை, தன் மூலைக்கு மிக அருகில் இருக்கும் சுவரின் தலையைத் தேடிப் போகிறது, இப்போது அருகில் இருந்த சுவர் கிராதி. அதே ஏற்றத்தில் இன்னொரு மட்டம் சேர்க்கும் வசதி மென்பொருளில் உண்டு. 248-லேயே மூன்றாவது மட்டம் ஒன்றைச் சேர்த்து, அதற்குக் 'கிராதி' என்று பெயரிட்டு, குட்டைச் சுவரை அங்கே மாற்றினேன். கூரை மறுபடியும் சமதளமாயிற்று. கிராதிக்கென்று தனி மட்டம் இருந்தது பின்னாலும் உதவியது, ஏனெனில் தளத்தைத் தொடாமல் கிராதியை மட்டும் மறைக்கவும் மாற்றவும் முடிந்தது.

படிக்கட்டில் மென்பொருளின் தயார் மாதிரியை நம்பக் கூடாது என்று கண்டேன். பட்டியலில் இருந்த நேர்ப்படியை இழுத்து வைத்து, உயரத்தை 248 ஆக்கினால் அது இணக்கமாக நீண்டு கொடுக்கிறது. ஆனால் படிகளின் எண்ணிக்கை மாறுவதில்லை, ஒவ்வொரு படியும் உயர்ந்துவிடுகிறது. பார்வைக்குச் சரியாகத் தோன்றும் அந்தப் படியில் உண்மையில் ஏறினால் முழங்கால் வலிக்கும். விதித்தொகுப்பின்படி வீட்டுப் படியின் எழுச்சி, அதாவது ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு உள்ள உயரம், 19 செ.மீ.-க்கு மேல் போகக் கூடாது, கால் வைக்கும் மிதியின் அகலம் 25-க்குக் குறையக் கூடாது. 248-ஐ 13 ஆகப் பிரித்தால் 19-ஐச் சற்றே தாண்டுகிறது. 14 ஆகப் பிரித்தால் 17.7. பதினான்கு எழுச்சிக்குப் பதின்மூன்று மிதி, 325 செ.மீ. நீளம். எங்களிடம் இருந்த திறந்த வெளியோ 336. படி இறங்கி வருபவர் 11 செ.மீ. இடத்தில் முன்சுவரில் முட்டி நிற்பார். எனவே நேர்ப்படியைக் கைவிட்டு, திரும்பும் படியாக்கினோம்: கூடத்திலிருந்து நான்கு எழுச்சி ஏறினால் 71 செ.மீ. உயரத்தில் 90-க்கு 90 செ.மீ. நடுமேடை, அங்கே திரும்பி, இடது பக்கச் சுவரை ஒட்டிப் பத்து எழுச்சியில் இடைத்தளம். பக்கச் சுவரின் நீளத்தில் இது 90-உம் 225-உம் சேர்ந்து 315 செ.மீ.; முன்சுவர் வரை 21 மிஞ்சுகிறது. ஒரு பெட்டியை 90, 25, 4 என்ற அளவில் மிதிப்பலகையாக்கி, பிரதியெடுத்து, ஒவ்வொன்றின் ஏற்றத்தையும் 17.7 கூட்டிக்கொண்டே போய், கடைசியில் எல்லாவற்றையும் ஒரே குழுவாகக் கட்டினேன்.

இந்த நிலையில் அக்காவை உட்கார வைத்து, மெய்நிகர்ப் பார்வையாளராக உள்ளே நடத்திக் காட்டினேன். அவர் சற்று நேரம் பார்த்துவிட்டு, "தம்பி, மேல நின்னு பாப்பா கை நீட்டினா ஃபேன் எட்டுமா?" என்று கேட்டார். நான் ஃபேனையே வரையவில்லை. அது கூரையின் நடுவிலிருந்து நீண்ட குழாயில் தொங்கிக்கொண்டிருந்தது. கீழே இருந்து பார்க்கும்போது தலைக்கு வெகு உயரத்தில் இருப்பதால் அதை ஒரு பொருளாகவே நினைக்கவில்லை. அன்றிரவே அளந்து, 120 செ.மீ. அகலமுள்ள தட்டையான பெட்டி ஒன்றை, இறக்கைகள் சுழலும் 305 செ.மீ. உயரத்தில் வைத்தேன். ஃபேனின் மையம் பின்சுவரிலிருந்து 305 செ.மீ.; இடைத்தளத்தின் விளிம்பு 274. இறக்கையின் நீளம் 60 என்பதால், அது விளிம்பைத் தாண்டி 29 செ.மீ. உள்ளே வந்திருந்தது; அதுவும் மேல்தளத்தின் தரையிலிருந்து 57 செ.மீ. உயரத்தில். கை நீட்ட வேண்டியதே இல்லை. கிராதியைப் பொருத்தும் அன்றே இறக்கை அதில் மோதியிருக்கும். கிராதி போடுவதற்கு முன் யாராவது விளிம்பில் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எழுதவும் மனம் வரவில்லை.

இதில் என்னை உறுத்தியது, வரைபடப் பார்வையில் இது கடைசி வரை தெரியாமல் போயிருக்கும் என்பதுதான். மேல் மட்டத்தில் வேலை செய்யும்போது கீழ்ச் சுவர்களின் நிழல் தெரிகிறது. ஆனால் ஒரு பொருள் எந்த உயரத்தில் தொங்குகிறது என்பது மேலிருந்து பார்க்கும் வரைபடத்தில் தெரிவதில்லை. ஆகவே இடைத்தளம் வரையும் எவரும், முதல் சுவரை வரைந்த கையோடு, கூடத்தின் கூரையிலிருந்து தொங்கும் எல்லாவற்றையும் அவற்றின் உண்மையான உயரத்தில் பெட்டிகளாகவாவது வைத்துவிட வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். ஃபேனை வெற்றிடத்தின் நடுவுக்கு, அதாவது பின்சுவரிலிருந்து 442-க்கு, நகர்த்திப் பார்த்தேன். இறக்கை நுனிக்கும் விளிம்புக்கும் இடையே 108 செ.மீ. வந்தது. பெரியவர் கைக்கு எட்டாது. ஆனால் ஐந்து வயதுப் பாப்பாவின் கையில் ஒரு துடைப்பக் குச்சி இருந்தால் எட்டும். கூரை ஃபேனையே விலக்கி, பக்கச் சுவர்களில் இரண்டு சுவர் ஃபேன் என்று தீர்ந்தது. இடைத்தளத்தின் கீழ் 230 மட்டுமே இருப்பதால் அங்கும் சுவர் ஃபேன்தான்.

பிறகு குட்டைச் சுவரை எடுத்துவிட்டு மெய்யான கிராதியை வரைந்தேன். படுக்கைக் கம்பிகள் இழுத்த கிராதி இப்போது பரவலாக இருக்கிறது. பார்வைக்கு லேசாகவும் இருக்கிறது. குழந்தை இருக்கும் வீட்டில் அது ஏணி. நிமிர்ந்த கம்பிகளையே எடுத்துக்கொண்டோம். உயரம் 1 மீட்டருக்குக் குறையக் கூடாது என்ற விதிக்கு மேல் 5 செ.மீ. சேர்த்து 105. கம்பி இடைவெளிக்கு, அமெரிக்கக் குடியிருப்பு விதிகளில் 4 அங்குல உருண்டையும் பிரிட்டன் விதிகளில் 100 மி.மீ. உருண்டையும் நுழையக் கூடாது என்றிருக்கிறது. குழந்தையின் தலையை எண்ணி வைத்த அளவு அது. நானும் 10 செ.மீ.-ஐ எல்லையாக வைத்தேன்.

விளிம்பின் 427 செ.மீ.-இல் படி ஏறும் வாசலுக்கு 90 போக, கிராதி 337. நான்கு சென்டிமீட்டர் சதுரக் குழாயில் நான்கு தூண்கள், இடையில் மூன்று பகுதிகள். தூண்களின் 16 செ.மீ.-ஐக் கழித்து மூன்றால் வகுத்தால் ஒவ்வொரு பகுதியும் 107. இதில் 16 மி.மீ. சதுரக் கம்பி எட்டு வைத்தால் இடைவெளி 10.5 வருகிறது, ஒன்பது வைத்தால் 9.3. ஒன்பதுதான். ஒரு பகுதியை மட்டும் பெட்டிகளால் கவனமாகக் கட்டி, குழுவாக்கி, இரண்டு பிரதி எடுத்தேன். அடிப்பட்டையைத் தரையிலிருந்து 8 செ.மீ. உயரத்தில் வைத்ததால் கம்பியின் நீளம் 93, இருபத்தேழு கம்பிக்கு 25 மீட்டர், 16 மி.மீ. சதுர இரும்பு மீட்டருக்கு ஏறத்தாழ 2 கிலோ என்பதால், கம்பி மட்டும் 50 கிலோ. வெல்டர் எடைக்குக் கூலி பேசுபவர். இந்த எண்ணோடு போனதால் பேச்சு சுருக்கமாக முடிந்தது. படிக்கட்டின் கைப்பிடிக்கு, 276 செ.மீ. நீளப் பெட்டி ஒன்றை 35 டிகிரி சாய்த்து வைத்தேன். பொருள்களைச் சாய்க்கும் வசதி இருப்பதால் இதில் சிரமம் இல்லை.

எல்லாம் முடிந்ததும் பார்வையாளரின் கண் உயரத்தை 95 செ.மீ. ஆக்கி, மேல்தளத்தில் நிறுத்திப் பார்த்தேன். பெரியவரின் பார்வையில் கைப்பிடி இடுப்பருகே ஒரு கோடாகத் தெரிந்த இடம், அந்த உயரத்தில் முழுக்கக் கம்பிகளாகவும், கம்பிகளின் இடையே கூடத்தின் தரையாகவும் தெரிந்தது. அந்த நிலையில்தான், கிராதியை ஒட்டி நான் போட்டிருந்த புத்தக மேசை ஏறி நிற்கத் தோதான படியாக இருப்பதைக் கவனித்தேன். மேசையைப் பின்சுவருக்கு மாற்றிவிட்டேன்.

இந்த மென்பொருள் பாரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது என்பதை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். திரையில் அட்டைத் தளமும் நிற்கும். இந்தியத் தர நிர்ணயம் 875-இன் இரண்டாம் பகுதி வீட்டுத் தளத்திற்குச் சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன், அதாவது சுமார் 200 கிலோ, என்று இயங்குபாரத்தை (ஆட்களும் பொருள்களும் ஏற்றும் பாரத்தை) எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. எங்கள் தளத்திற்கு அது 2,300 கிலோவைத் தாண்டும். பீமின் அளவும் அது பழைய சுவரில் அமரும் விதமும் பொறியாளரின் கணக்கிலிருந்து என் வரைபடத்திற்கு வந்தவை. என் வரைபடத்திலிருந்து அவருக்குப் போனவை அல்ல.

அச்செடுத்த தாள்களைப் பார்த்த வெல்டர் ஒரு திருத்தம் சொன்னார். நான் தூண்களைத் தளத்தின் மேல் நிறுத்தியிருந்தேன். அவர், தூணைத் தரை ஓட்டின்மேல் தகடு வைத்து நிறுத்தினால் நாளடைவில் ஆடும் என்றும், விளிம்பு பீமின் வெளிமுகத்தில் பக்கவாட்டில் பற்றவைப்பதே உறுதி என்றும் விளக்கினார். வரைபடத்தில் கிராதிக் குழுவை 4 செ.மீ. வெளியே தள்ளி, தூண்களைக் கீழே 15 செ.மீ. நீட்டிப் பார்த்தேன், மேலே நடக்கும் இடமும் கூடியது. ஆனால் தள விளிம்புக்கும் கம்பிக்கும் இடையே 1.2 செ.மீ. சந்து தோன்றியது, பென்சிலும் கோலிக்குண்டும் அதன் வழியே கீழே உட்கார்ந்திருப்பவர் தலையில் விழும். அடிப்பட்டைக்குப் பதிலாக, தளத்தோடு சேர்த்து 10 செ.மீ. உயரத் தகடு ஒன்றை விளிம்பு நெடுக வைத்து அதை அடைத்தோம்.

கிராதி பொருத்திய மாலையில், மூன்று பகுதிகளிலும் இருந்த முப்பது இடைவெளிகளையும் டேப்பால் அளந்தேன். இருபத்தொன்பது, 9-க்கும் 9.6-க்கும் இடையில் இருந்தன. சுவரோரம் இருந்த கடைசி ஒன்று 10.4. வெல்டரிடம் காட்டியதும், அவர் ஒன்றும் சொல்லாமல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தக் கம்பியை அறுத்தெடுத்து, அளந்து வைத்து, மறுபடியும் பற்றவைத்தார்.